புட்டியின் மேல் ஒட்டிய சீட்டு

மதுவைப் பற்றி நம் சங்கத் திங்களிதழில் எழுதலாமா, கூடாதா என்று பல நாள் தயங்கினோம். தாய்மாரும் சிறுவரும் கூடி வாசிக்கும் ஏடு இது. எனினும் இது குடியைப் புகழும் கட்டுரை அன்று என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். ஒரு புட்டி ஸ்காட்ச் விஸ்கியை ஆவலோடு திறந்து, அருந்தி, ஏமாந்த கதை இது. ஏமாற்றம் நாவில் தொடங்கியது. ஆனால் நாவோடு நிற்கவில்லை. ஊரைவிட்டு ஊர் சென்று பிழைப்போரும், அவர்களை அனுப்பிவிட்டு வழிபார்த்திருப்போரும் படிக்கும் இதழ் ஆதலால், அதன் பிற்பகுதி அவர்களுக்குப் பயன்படும் என்று நம்பியே எழுதத் துணிந்தோம்.

நம் வீடு பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் உள்ளது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. அதனால் நம்மைப் போன்றோர் வீட்டுக்குள் தமிழும் வீதியில் மலையாளமுமாக வாழப் பழகிவிட்டோம். சற்றுத் தொலைவில் உள்ள களியக்காவிளைக்குச் சென்றால் தமிழ்நாடு; திரும்பினால் கேரளம்.

மதுவுக்கு இப்பக்கம் பஞ்சம் இல்லை. எல்லையின் இருபுறமும் அரசாங்கத்தாரே அதை விற்கிறார்கள். தமிழ்நாட்டில் 1983-இல் தோன்றிய வாணிபக் கழகம் 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்தி வருகிறது. கேரளத்தில் அதே பணிக்கென ஒரு கழகம் 1984-இல் தோன்றியது. ஆனால் இக்கடைகளில் கிடைப்பது எதுவாயினும், 'ஸ்காட்ச்' என்ற சொல்லுக்கு நம் ஊரில் உள்ள மதிப்பே வேறு. அது கடையில் வாங்கும் பொருளாக எண்ணப்படுவதில்லை. வளைகுடா நாட்டிலிருந்து வருபவன் பெட்டியில், சோப்புக்கும் தைலத்துக்கும் பேரீச்சம்பழத்துக்கும் நடுவே, கம்பளியில் சுற்றி வர வேண்டிய பொருள் அது.

நம் தாய்மாமாவுக்கு அச்சொல்லோடு நெடுநாள் உறவு உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு 1979-இல் இரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டுகளில் அப்பாதைக்கு மண் சுமந்த இளைஞர்களுள் மாமாவும் ஒருவர். வேலையை மேற்பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் ஒரு நாள் காலிப் புட்டி ஒன்றை எறியப் போனாராம். மாமா அதைக் கேட்டு வாங்கி வந்தார். கனத்த கண்ணாடி, பொன்னெழுத்துச் சீட்டு. அன்று முதல் அப்புட்டியில்தான் அவர் வீட்டு நல்லெண்ணெய் இருக்கும். தீபாவளி தோறும் அதிலிருந்து எண்ணெய் வார்த்துத் தலையில் வைக்கும்போது, "உள்ளே இருந்தது எப்படி இருந்திருக்கும் மக்களே?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். மாமா குடிகாரர் அல்லர். இளமையில் எப்போதாவது கள் அருந்தியதோடு சரி.

2019-இல் நம் தம்பி துபாய்க்குப் புறப்பட்டபோது, தம் மகளின் திருமணத்துக்கென நிறுத்தி வைத்திருந்த தேக்கையும் அயனியையும் வெட்டி விற்று, 1,20,000 ரூபாய் தந்தவர் இந்த மாமாவே. பத்திரம் இல்லை, வட்டி இல்லை. தம்பி குளிர்சாதனப் பொறிகளைப் பழுது பார்க்கும் வேலையில் சேர்ந்தான். மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்பினான். மாமாவுக்கும் பாதிக்கு மேல் திருப்பித் தந்துவிட்டான்.

2025-ஆம் ஆண்டு ஓணத்துக்கு வருவதாகத் தொலைபேசியில் சொன்னான். அப்போது நாம்தான் சொன்னோம்: "தம்பி, மாமாவுக்கு ஒரு நல்ல ஸ்காட்ச் கொண்டு வா. கிழவர் எத்தனை வருஷமா ஆசைப்படுகிறார்!" மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "சரி அண்ணே" என்றான். அந்தச் சிறு இடைவெளியை நாம் அன்று பொருட்படுத்தவில்லை. மறுநாளே அலுவலகத்தில் நண்பர்களிடம், நம் வீட்டுக்கு ஸ்காட்ச் வரப்போகிறது என்று பெருமையடித்துக்கொண்டோம்.

ஓணம் கழிந்த இரண்டாம் இரவு மாமா வந்தார். தோளில் புதுத் துண்டு. வேகவைத்த மரச்சீனியும் நெத்தலிக் கறியும் திண்ணைக்கு வந்தன. அன்னையார் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவருக்கு இதில் எதுவும் உடன்பாடு இல்லை. தம்பி புட்டியைக் கொண்டுவந்து மாமாவின் கையில் கொடுத்தான். மாமா அதை இரு கையாலும் வாங்கி, விளக்கின் எதிரே பிடித்துப் பார்த்தார். நல்ல பொன்னிறம். மூடியைத் திருகியபோது எழுந்த ஓசையைக் கூட அவர் தலை சாய்த்துக் கேட்டார்.

எவர்சில்வர் தம்ளர்களில் சிறிது சிறிது ஊற்றினோம். முகர்ந்தபோதே நமக்கு ஐயம் தட்டியது. ஊசி போடுமுன் தோலில் தடவும் பஞ்சின் வாடைதான் முன்னே வந்தது. வாயில் இட்டால் முதலில் சற்றே ஓர் இனிப்பு, சர்க்கரைப் பாகு போல. அடுத்த கணம் தொண்டையில் எரிச்சல். அதன்பின் ஒன்றும் இல்லை. நடுவில் இருக்க வேண்டிய சுவை இல்லவே இல்லை. தண்ணீர் கலந்தோம். எரிச்சல் குறைந்தது, இருந்த சிறிது மணமும் அதோடு போயிற்று. இதற்கா இத்தனை ஆண்டு என்று நினைத்தோம்.

நினைத்ததோடு நின்றிருக்கலாம். நாம் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்களாயினும் கையில் கிடைத்ததை எல்லாம் படிக்கும் பழக்கம் உண்டு. பிரிட்டனுக்கும் நம் நாட்டுக்கும் இடையே 2025 ஜூலை 24 அன்று வாணிப உடன்படிக்கை கையெழுத்தானபோது, ஸ்காட்ச் மீதிருந்த 150 விழுக்காடு சுங்க வரியை முதலில் 75 ஆகவும், பத்தாண்டுகளில் 40 ஆகவும் குறைக்க இசைந்தார்கள் அல்லவா? அச்செய்தியைத் தொடர்ந்து அம்மதுவைப் பற்றிப் பலவும் தேடிப் படித்திருந்தோம். படித்ததைக் காட்டிக்கொள்ள ஆள் கிடைத்தால் விடுவோமா? புட்டியை வாங்கி, அதன் மேல் ஒட்டிய சீட்டைப் படித்துப் பேருரை ஆற்றத் தொடங்கினோம்.

அன்று சொன்னவை பொய் அல்ல. ஆதலால் அன்பர்களும் அறிந்துகொள்ளலாம். விஸ்கி என்ற சொல் ஸ்காட்லாந்தின் பழைய மொழியில் 'உயிர்நீர்' என்று பொருள்படும் தொடரின் சிதைவு. முளைகட்டிய வாற்கோதுமையைப் புளிக்கவைத்து, செப்புக் கலத்தில் ஈடு ஈடாக வடிப்பது 'மால்ட்' விஸ்கி. அதற்குக் காலமும் செலவும் மிகுதி, சுவையும் கனம். 1830-இல் ஏனியஸ் காஃபி என்னும் அயர்லாந்துக்காரர், முன்பு தீர்வை அதிகாரியாக இருந்தவர், இடைவிடாது வடிக்கும் நெடுந்தூண் கலம் ஒன்றுக்கு உரிமை பெற்றார். அதில் கோதுமையோ சோளமோ கொண்டு மலிவாகவும் மிகுதியாகவும் வடிக்கலாம். ஆனால் சுவை மெலிது. இவ்விரண்டையும் கலந்து விற்பதற்கு 1860-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. அவ்வாறு பிறந்ததே கலவை ஸ்காட்ச். மளிகைக் கடைக்காரர்கள் தேயிலையைக் கலப்பது போல விஸ்கியையும் கலந்து பெயர் பெற்றார்கள். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் பூச்சி ஒன்று பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்துப் பிராந்தியை அரிதாக்கவே, அவ்விடத்தை இது பிடித்துக்கொண்டது. இன்றும் உலகில் விற்கும் ஸ்காட்ச்சில் பெரும்பகுதி கலவையே.

ஸ்காட்ச் என்று பெயரிட வேண்டுமானால் ஸ்காட்லாந்திலேயே வடித்து, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் மரப் பீப்பாயில், அந்நாட்டிலேயே மூன்றாண்டுகளேனும் வைத்திருக்க வேண்டும். புட்டியில் அடைக்கும்போது 40 விழுக்காடு சாராயமேனும் இருக்க வேண்டும். தண்ணீரும், நிறத்துக்காகக் கருக்கிய சர்க்கரையும் அன்றி வேறொன்றும் சேர்க்கலாகாது. சீட்டில் வயது குறித்தால், கலந்தவற்றுள் மிக இளையதன் வயதையே குறிக்க வேண்டும். மரத்தினுள் இருக்கும் காலத்தில்தான் நிறமும் மணமும் மென்மையும் அதற்கு வந்து சேர்கின்றன. அக்காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு ஆவியாகிப் போகிறது. அதைத் தேவதைகளின் பங்கு என்று அந்நாட்டார் சொல்வர். வெப்ப நாடுகளில் அப்பங்கு இன்னும் பெரிது. நம் முன்னோருக்கும் இது புதிதன்று. மூங்கிற் குழாயில் இட்டு முதிரவைத்த தேறலைப் பற்றிச் சங்க நூல்களில் பேச்சு உண்டு.

தம்பி கொண்டுவந்த புட்டியில் வயது குறிக்கவில்லை. "வயது போடாததெல்லாம் கெட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் இது சட்டம் கேட்கும் மூன்றாண்டைத் தாண்டியதும் ஊற்றி அடைத்த சரக்கு. மலிவான தானிய விஸ்கி மிகுதி. மால்ட் பெயருக்குச் சிறிது. இந்த நிறம் மரத்தின் நிறம் அன்று. கருக்கிய சர்க்கரையின் நிறம். கடையில் கடைசித் தட்டில் இருந்திருக்கும்" என்று நாம் சொல்லிக்கொண்டே போனோம். பேச்சின் வேகத்தில் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தபோது அவன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு மரச்சீனியைப் பிசைந்துகொண்டிருந்தான், உண்ணவில்லை.

மாமா தம் தம்ளரை முழுவதும் குடித்து முடித்தார். "சும்மா இரு மக்களே. எனக்கு இது நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, தம்பியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். மிஞ்சியதைத் தம்பி அவர் கையிலேயே கொடுத்தனுப்பினான்.

மறுநாள் விடியற்காலை தம்பி நம்மைப் பாறசாலை நிலையத்தில் கொண்டுவிட வந்தான். நாம் திருவனந்தபுரத்தில் பார்சல் எழுத்தராக இருக்கிறோம். நாள்தோறும் வண்டியில்தான் போக்குவரத்து. வண்டி வரக் காத்திருந்தபோது, தண்டவாளத்தைப் பார்த்தபடியே சொன்னான்.

"அண்ணே, நாலு மாசமா சம்பளம் வரல்ல. வீட்டுக்கு அனுப்பினது கூட்டுக்காரங்க கிட்ட வாங்கின பணம். இந்த டிக்கெட்டும் கடன்தான். கடையில இருந்ததிலேயே விலை குறைஞ்சது அந்தக் குப்பி. நீங்க கேட்டீங்களே, மாமா முன்னாடி வெறுங்கையோட வர மனசு வரல்ல."

வண்டி வந்துவிட்டது. ஒன்றும் சொல்ல வாய் வராமல் ஏறிக்கொண்டோம். தனுவச்சபுரம், அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று நிலையங்கள் வந்து போயின. ஒன்றையும் நாம் பார்க்கவில்லை.

நம் உத்தியோகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அனுப்புவோர் மூட்டைக்குள் இன்னது இருப்பதாகச் சொன்னால், அதை அப்படியே இரசீதில் எழுதி, 'உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுவது' என்று பொருள்படும் ஒரு குறிப்பையும் சேர்ப்போம். பிரித்துப் பார்த்து உறுதி கூறுவது நம் வேலை அன்று. ஒவ்வொரு நாளும் அக்குறிப்பை எழுதுகின்ற நாம், 'வளைகுடாவில் வேலை' என்ற சீட்டை மட்டும் ஆறாண்டுகளாகப் பிரிக்காமலே நம்பி வந்திருக்கிறோம். புட்டியின் சீட்டைப் படித்து அதன் உள்ளிருப்பை அலசிய கூர்மை, தம்பியின் முகத்தைப் படிக்க உதவவில்லை. வந்து நான்கு நாள் ஆகியும் 'உடம்பு எப்படி இருக்கிறது, வேலை எப்படி இருக்கிறது' என்று ஒரு வார்த்தை நாம் கேட்டிருக்கவில்லை. பெட்டியைத் திறப்பதிலேயே குறியாக இருந்தோம்.

அன்று மாலை நேரே மாமா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னோம். அவர் வியப்படையவில்லை.

"வந்த அன்னைக்கே தெரியும் மக்களே. ஆட்டோவில இருந்து பெட்டியை இறக்கினது நான்தானே? பெட்டியில கனமே இல்ல."

நாள் முழுதும் எடை பார்ப்பது நம் தொழில். அப்பெட்டியின் மறு கைப்பிடியைப் பிடித்தவரும் நாமே. கனம் குறைந்திருந்தது நமக்குத் தெரியவில்லை. புட்டி உள்ளே இருக்கிறதா என்பதே அப்போது நம் நினைப்பு. மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அந்த இரவில் எரிச்சலை விழுங்கிக்கொண்டு 'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லியிருக்கிறார். அதைப் பொய் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. புறநானூற்றில் ஔவையார் அதியமானை நினைந்து அழும் இடத்தில், அவன் கள்ளைப் பகிர்ந்துகொண்ட விதமே அவன் அன்புக்குச் சான்றாக முதலில் நிற்கிறது. அங்கே கள்ளின் தரம் பேசப்படவில்லை. பள்ளியில் படித்த அப்பாட்டின் பொருள் நமக்கு அன்று மாலைதான் விளங்கிற்று.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் மன்னிப்புக் கேட்டோம். "போங்கண்ணே" என்று சொல்லிவிட்டான். அதற்கு மேல் அதைப் பற்றி எங்களிடையே பேச்சில்லை. இப்போது அவன் நெய்யாற்றின்கரையில் ஒரு கடையில் அதே தொழிலைச் செய்கிறான். வருவாய் குறைவு, ஆனால் இரவில் வீட்டில் உண்கிறான். மாமாவுக்கு மாதம் 3,000 ரூபாய் வீதம் திருப்பித் தருகிறோம். அயல்நாட்டில் ஊதியம் நின்றுபோனவர்கள் முறையிடுவதற்கு நம் வெளியுறவு அமைச்சு 2015-இல் 'மதத்' என்னும் இணைய வாயிலைத் திறந்தது. கேரளத்தாருக்கு 'நோர்க்கா ரூட்ஸ்' அலுவலகமும் உண்டு. தம்பியின் நான்கு மாத ஊதியத்துக்காக எழுதிப் போட்டிருக்கிறோம், விடையை எதிர்பார்த்திருக்கிறோம். வேலை ஒப்பந்தம், வங்கிக் கணக்கின் படி, அடையாள அட்டை இவற்றை அவன் பத்திரமாக வைத்திருந்தது நல்லதாயிற்று. வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுக்கு இதை ஒவ்வொருவரும் எழுதிச் சொல்வது நலம்.

மலிவான விஸ்கி ஏமாற்றம் அளித்தது என்பதில் நமக்கு இன்றும் மாற்றுக் கருத்தில்லை. விற்றவர் ஏமாற்றவும் இல்லை. சீட்டில் எழுதியது அனைத்தும் உண்மையே. எழுதாததை நாமாகச் சேர்த்துப் படித்தோம். 'வெளிநாடு' என்ற சீட்டையும் அவ்வாறே படிக்கிறோம். அதற்குரிய விலையை, வெயிலில் நின்று கொடுப்பவன் வேறொருவன். விடுமுறைக்கு வருபவனிடம் 'என்ன கொண்டு வா' என்று நாம் சொல்லும் ஒவ்வொரு பொருளும், அவன் யாரிடமோ கை நீட்டி வாங்கிய கடனாக இருக்கக் கூடும். அன்பர்கள் வீட்டுக்கு அடுத்த முறை ஒருவன் வந்து இறங்கும்போது, முதலில் அவனை உண்ணச் சொல்லுங்கள், உறங்கச் சொல்லுங்கள். பெட்டி எங்கும் போய்விடாது.

புட்டி இப்போது மாமாவின் அலமாரியில், நல்லெண்ணெய்ப் புட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. முக்கால் பங்கு மிச்சம். கடைசித் தவணை கொடுக்கும் நாளில் மூவருமாக அதைத் திறக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. சென்ற ஞாயிறு தவணைப் பணத்தோடு போயிருந்தபோது கேட்டார்:

"வருஷம் போகப் போக ருசி கூடும்னு நீ அன்னைக்குச் சொன்னியே மக்களே. அப்போ நாம திறக்கிறப்ப இதுவும் நல்லா ஆயிருக்கும், இல்லையா?"

விஸ்கி முதிர்வது மரப் பீப்பாயில்தான். கண்ணாடிப் புட்டியில் அடைத்த பின் எத்தனை ஆண்டு வைத்தாலும் அது முதிர்வதில்லை. இது நமக்கு நன்றாகத் தெரியும். படித்திருக்கிறோம்.

"ஆயிருக்கும் மாமா" என்றோம்.